கலைக் கைங்கரியமும் யூனிடேரியன் சபையும்

ஒரு சபையைச் சேர்ந்தவர்களையெல்லாம் ஒன்றாகப் பிணைத்து வைப்பது எது என்று கேட்டால், பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் தம் விசுவாசப் பிரமாணத்தைக் காட்டும். எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும் அந்தச் சில வாக்கியங்களில், தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. யூனிடேரியன் சபையில் அப்படி ஒரு பிரமாணம் இல்லை. கடவுள் ஒருவரே, அவரிடத்தில் மூவர் என்ற பேதம் இல்லை என்ற கொள்கையிலிருந்து பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போலந்திலும் டிரான்சில்வேனியாவிலும் வேர்விட்டு, பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தழைத்த இந்தச் சமயம், காலப்போக்கில் ஒவ்வொரு மனிதனுடைய மனச்சாட்சிக்கும் பகுத்தறிவுக்கும் பூரண சுதந்திரம் அளித்தது. இன்னதை நம்பினால்தான் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையையும் பல இடங்களில் அடியோடு நீக்கிவிட்டது. அமெரிக்காவில் 1961-ல் யூனிவர்சலிஸ்ட் சபையோடு அது இணைந்த பிறகு, ஆஸ்திகரும் நாஸ்திகரும் பௌத்த தியானம் பழகுபவரும் ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்திருப்பது அங்கே சாதாரணக் காட்சியாயிற்று.

நம்பிக்கை இவ்வாறு அவரவர் உள்ளத்துக்கே விடப்பட்டிருக்கும் இடத்தில், மனிதர்களைச் சேர்த்து வைப்பவை அவர்கள் சேர்ந்து செய்யும் காரியங்களே என்பது என் அபிப்பிராயம். அவற்றுள்ளும் விசேஷமாகப் பாட்டுக் கட்டுவதும் அதற்கு இசை அமைப்பதும், துணி நெய்வதும் சித்திரம் தீட்டுவதும், தொழுகைக்கான கட்டடத்தை எழுப்புவதுமாகிய சிருஷ்டி வேலைகள். ஆகையால், இத்தகைய சபையில் ஓர் அங்கத்தினர் தம் கலைத்திறனைக் கூலி கருதாமல் கொடுப்பதை, வழிபாடு முடிந்த பின் மிஞ்சிய இடத்தில் வைக்கும் அலங்காரமாக எண்ணுவது பெரும் பிழை. அங்கே அந்தக் கொடையே வழிபாட்டின் பாதி. ஆனால் அதைக் கேட்கும் முறையிலும் ஏற்கும் முறையிலும் சபைகள் காட்டுகிற சிரத்தை அதன் மதிப்புக்கு ஏற்றதாக இல்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் என்ற நகரத்தின் யூனிடேரியன் சங்கத்தை இதற்கு முதல் சாட்சியாக அழைக்கலாம். 1879-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் ஆரம்பகால அங்கத்தினருள் ஒருவர், பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட்டின் தந்தை; ரைட்டும் தம் முதிர்ந்த வயதில் அதன் பதிவேட்டில் கையெழுத்திட்டவர். ஊருக்கு வெளியே புதிய ஆலயம் ஒன்று கட்டுவதென்று 1946-ல் சங்கம் அவரை நாடியபோது அவருக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கோபுரம் தனியாக வேண்டாம், கூரையே கோபுரமாக உயரட்டும் என்று, கூப்பிய கைகளைப் போல முன்னோக்கி எழும் செப்புக் கூரையுடன் ஒரு மண்டபத்தை அவர் வரைந்து கொடுத்தார். வரைபடம் மகோன்னதமாக இருந்தது. அதை நிறைவேற்றுவதற்கான பணமோ அந்தச் சிறு சங்கத்திடம் இல்லை. கட்டுமானம் 1949-ல் தொடங்கிய பின் செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போயிற்று. அப்போது, சுவருக்கு வேண்டிய கல்லைத் தாங்களே கொண்டுவருவது என்று அங்கத்தினர்கள் தீர்மானித்தார்கள். சுமார் 30 மைலுக்கு அப்பாலிருந்த கற்சுரங்கத்துக்கு வார இறுதிதோறும் போய், விஸ்கான்சினின் கொடிய பனிக்காலத்திலும் ஓயாமல், ஏறத்தாழ 1,000 டன் கல்லை அவர்கள் ஏற்றி இறக்கினார்கள். சபைப் பெண்கள் மண்டபத்துக்கான திரைச்சீலைகளைத் தறியில் தாங்களே நெய்தார்கள். நிதி திரட்டுவதற்காக ரைட் சொற்பொழிவு செய்தார். இறுதிக் கட்டத்தில், டாலியசின் என்ற தம் ஆசிரமத்திலிருந்து மாணவர்களை அழைத்துவந்து, மீதமிருந்த வேலைகளை முடிக்கச் செய்தார். 1951-ல் ஆலயம் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரைட்டின் மேதையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, மேதையின் வரைபடமும் சாமானியரின் உழைப்பும் அங்கே ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவைப்பட்டன என்பதுதான். கல் சுமப்பது கலையா என்று ஒருவர் கேட்கலாம். தாம் சுமந்த கல் எந்தச் சுவரில் எந்த மட்டத்தில் அமர்கிறது என்று பார்த்து நின்றவருக்கும், தாம் நெய்த துணியில் மாலை வெயில் எப்படி விழும் என்று எண்ணி நூலுக்கு நிறம் தேர்ந்தவருக்கும், அந்தக் கட்டடம் எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பொருளாக இருந்திருக்க முடியாது. அங்கே போதகர் சொல்வதில் பாதியை மறுக்கிறவர்கூட, தம் கை பட்ட சுவருக்குள் உட்கார்ந்துதான் மறுக்கிறார். பிரமாணம் இல்லாத சபைக்கு இதைக்காட்டிலும் உறுதியான பந்தம் வேறு எங்கே கிடைக்கும்?

இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னே சென்றால், இலண்டன் மாநகரில் யூனிடேரியன் மரபில் தோன்றிய சவுத் பிளேஸ் ஆலயத்தில் இரண்டு சகோதரிகளைக் காண்கிறோம். மூத்தவர் எலைசா ஃபிளவர் இசை அமைப்பதில் வல்லவர். இளையவர் சாரா ஃபிளவர் ஆடம்ஸ் கவி பாடுவதில் வல்லவர், நாடக மேடையில் லேடி மாக்பெத் வேடம் தாங்கி நடித்தவர், உடல்நலம் இடங்கொடாததால் அந்த ஆசையைக் கைவிட்டவர். அவ்வாலயத்தின் போதகரான டபிள்யூ. ஜே. ஃபாக்ஸ் தம் சபைக்கென ஒரு கீதப் புத்தகம் தொகுக்க முற்பட்டபோது, இவ்விருவரின் திறமையையும் நன்றாக அறிந்து, அந்த வேலையில் அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்தார். 1841-ல் வெளிவந்த அந்தத் தொகுப்புக்குச் சாரா 13 கீதங்களை எழுதினார். எலைசா அதன் இசையில் பெரும்பகுதியை அமைத்தார். அந்த 13-ல் ஒன்று, யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்துத் தூங்கியபோது கண்ட கனவை ஆதாரமாகக் கொண்டு, துன்பமே வந்தாலும் இறைவனை அணுகுவேன் என்று பாடும் ‘நியரர், மை காட், டு தீ’.

அந்தக் கீதத்தின் பிற்காலத்தை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வியப்பு உண்டாகிறது. அதில் கிறிஸ்துவின் பெயர் இல்லையே என்று குறைகூறிய சபைகள் இருந்தன. தம் கொள்கைக்கேற்ப அடிகளை மாற்றியும் சேர்த்தும் பாடியவர்கள் இருந்தார்கள். ஆனாலும், திரித்துவத்தை மறுப்பவர்களோடு ஒரே கூரையின்கீழ் நிற்கத் தயங்கியவர்களெல்லாம், அந்தக் கூட்டத்தில் பிறந்த பாட்டை மரணப் படுக்கையருகிலும் கல்லறையிலும் பாடினார்கள். அமெரிக்காவில் லோவெல் மேசன் 1856-ல் அதற்கு அமைத்த மெட்டு உலகெங்கும் பரவிற்று. தமிழாக்கமாக நம் நாட்டுத் திருச்சபைகளின் பாமாலையிலும் அது சேர்ந்து, துக்க வீடுகளில் இன்றளவும் ஒலிக்கிறது. பாடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை எழுதியவர் யார், எந்தச் சபைக்காக எழுதினார் என்று அறியார். எலைசா 1846-லும் சாரா 1848-லும் க்ஷயரோகத்தால் மாண்டார்கள். தம் காணிக்கை எங்கெங்கே போய்ச் சேரும் என்பதைக் காண அவர்களுக்கு ஆயுள் வாய்க்கவில்லை.

ஃபாக்ஸ் செய்த காரியத்தில் சபைகளை நடத்துபவர்கள் கவனிக்கவேண்டிய ஓர் அம்சம் இருக்கிறது. ‘யாருக்காவது கலையில் ஆர்வம் இருந்தால் உதவலாம்’ என்று பொதுவாக அறிவித்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. இன்னாரிடம் இன்ன திறமை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தத் திறமை தன்னைப் பூரணமாக வெளிப்படுத்திக்கொள்ளத்தக்க அளவுள்ள ஒரு வேலையை முன்னே வைத்தார். மூலையில் நிரப்புவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தால், மூலைக்குத் தகுந்த பாட்டுத்தான் கிடைத்திருக்கும்.

கலைஞர் சபைக்கு உள்ளேயிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. இன்று உலகெங்கும் யூனிடேரியன் ஆலயங்களில் வழிபாட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சுடர்க்கிண்ணத்தின் உருவம், சபைக்கு அந்நியரான ஒருவரின் கையிலிருந்து வந்தது. ஹான்ஸ் டாய்ட்ச் என்ற அந்த ஆஸ்திரிய ஓவியர், பாரிஸில் இருந்தபோது ஹிட்லரைக் கண்டித்துக் கேலிச்சித்திரங்கள் வரைந்தவர். ஜெர்மன் படைகள் 1940-ல் பிரான்சுக்குள் புகுந்ததும் உயிர் தப்பி லிஸ்பனுக்கு ஓடிவந்தவர். அங்கே அகதிகளுக்கு உதவிக்கொண்டிருந்த யூனிடேரியன் சேவைக் குழுவின் பொறுப்பாளர் சார்ல்ஸ் ஜாய், தம் குழு எவருக்கும் அறிமுகம் இல்லாததாய் இருப்பதையும், எல்லைக் காவலர்களும் அதிகாரிகளும் மதிக்கத்தக்க ஒரு முத்திரை தம் காகிதங்களில் இருந்தால் ஓடிவருகிற மனிதர்களுக்கு வழி எளிதாகும் என்பதையும் உணர்ந்து, 1941-ல் டாய்ட்சிடம் ஒரு சின்னம் வரைந்து தரும்படி கேட்டார். சில கோடுகளில் கிண்ணமும் சுடரும் பிறந்தன. அவர் சபையில் சேர்ந்தவரல்லர். சமயப் பற்றுள்ளவராகத் தம்மைக் கருதியவருமல்லர். வேட்டையாடப்பட்டவர்களைக் காப்பாற்ற ஒரு கூட்டம் தன் சுகத்தை விட்டு உழைப்பதைக் கண்டு, அந்த உழைப்பின்மேல் கொண்ட மதிப்பால் தம் கோல்களை எடுத்தார். கொள்கையைக் கேட்காமல் கதவைத் திறந்து வைத்ததால் ஒரு சபைக்கு என்ன கிடைக்கக்கூடும் என்பதற்கு, அதன் சின்னத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலைமை வேறு. இங்கே யூனிடேரியன் வழிபாட்டைத் தொடங்கியவர்களிடம் செல்வமும் இல்லை, பெரிய மிஷன் ஸ்தாபனத்தின் ஆதரவும் இல்லை. இருந்தது எழுதும் கை ஒன்றே. சென்னையில் வெள்ளைக்காரர் வீடுகளில் ஏவல் செய்து பிழைத்து, அதன் காரணமாக இங்கிலாந்துக்கும் போய், அங்கே யூனிடேரியன் நூல்களைக் கண்டு மனம் மாறித் திரும்பிய வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், 1795-ல் புரசைவாக்கத்தில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார். 1813-ல் அங்கே ஆலயமும் எழுந்தது. எந்த வெள்ளைப் பாதிரியாரும் அவரை அனுப்பவில்லை. தம் மக்கள் தம் மொழியில் வழிபடவேண்டும் என்பதற்காக, பிழைப்புக்குப் போக மிஞ்சிய நேரத்தில், ஜெபங்களையும் சிறு நூல்களையும் தமிழில் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் உரைநடையைப் பற்றிப் பேசுகிற நம் ஆராய்ச்சியாளர்கள் இவருடைய பெயரை அபூர்வமாகவே எடுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

வடகிழக்கு இந்தியாவின் காசி மலைநாட்டில் நடந்தது இதைவிட விரிவானது. வெல்ஷ் பிரெஸ்பிடீரியன் மிஷனில் இளம்பருவத்தில் சேர்ந்து, வேதாகமத்தைத் தாமே ஆழ்ந்து படித்து, இயேசு போதித்தது ஒரே கடவுளை அல்லவா என்று ஐயம் கொண்ட ஹாஜோம் கிசோர் சிங், கல்கத்தாவிலிருந்த ஒரு யூனிடேரியன் போதகரின் தொடர்பால் தம்மைப் போன்றவர்கள் உலகில் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள் என்று அறிந்து, 1887 செப்டம்பர் 18-ஆம் நாள் ஜோவாயில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு முதல் வழிபாட்டை நடத்தினார். பாடுவதற்குப் பாட்டு வேண்டுமே! காசி மொழியில் தாமே கீதங்கள் இயற்றினார். வழிபாட்டு முறையையும் தாமே எழுதினார். அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே இவ்வளவும் செய்தார். இன்று இந்தியாவின் யூனிடேரியன்களில் பெரும்பாலோர் வாழ்வது அந்த மலைகளில்தான். அங்கே அவர்கள் பாடுவது கடல் கடந்து வந்த பாட்டின் நகலை மட்டுமல்ல. வெளியிலிருந்து கட்டளையும் ஊதியமும் பெற்றுச் செய்யப்பட்ட வேலையாக இருந்திருந்தால், கட்டளையிட்டவர்கள் போனதோடு அதுவும் போயிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

இனி, இன்றைய சபைகளின் நடைமுறைக்கு வருவோம். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ உள்ள சபை ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர் தாம் சித்திரக்காரர் என்று தெரிவித்தால், எல்லோரும் மனமார மகிழ்கிறார்கள். அடுத்து அவரிடம் கேட்பது வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சுவரொட்டி. பியானோ வாசிப்பவரிடம் சனிக்கிழமை இரவு பாட்டுப் பட்டியல் வந்து சேருகிறது. எழுதத் தெரிந்தவர் செய்திமடலுக்கு ஆசிரியராகி, பின் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட முடியாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார். கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லை. கலை என்பது கலைஞரிடமிருந்து தானாக ஊறுவது, ஊற்றுக்குச் செலவு ஏது என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒருவர் 100 டாலர் கொடுத்தால் ரசீது எழுதி, கணக்கில் ஏற்றி, நன்றிக் கடிதம் அனுப்பும் சபை, பீடத்துக்குப் பின்னே தொங்கும் பட்டுத் துணிக்கு இன்னொருவர் பல மாத மாலைப்பொழுதுகளையும் தம் சொந்தப் பணத்தையும் கொடுத்ததை எங்கும் எழுதி வைப்பதில்லை.

இதற்கு மாற்று என்ன என்று கேட்டால், கலைஞரைத் தாமதமாக அழைப்பதை முதலில் நிறுத்தவேண்டும் என்பேன். வரப்போகும் மாதங்களின் வழிபாடுகளைப் போதகரும் வழிபாட்டுக் குழுவினரும் கூடித் தீர்மானிக்கும்போதே, ஓவியரும் இசைக்காரரும் கூட்டத்தில் இருக்கவேண்டும். உரை முழுவதும் எழுதி முடித்த பின் அதற்குப் பொருத்தமாக ஒரு படம் கேட்பது ஒன்று. இந்தப் பொருளைச் சொல்லால் சொல்வதா, வண்ணத்தால் சொல்வதா, மௌனமாக உட்கார்ந்து இசையைக் கேட்டு அறிவதா என்று சேர்ந்து யோசிப்பது வேறு. இரண்டாவது வகையில், சில ஞாயிறுகளில் உரையே தேவையில்லை என்ற முடிவுக்கும் வரலாம். பிராகா நகரத்து யூனிடேரியன் போதகர் நார்பர்ட் சாபெக் 1923-ல் ஏற்படுத்திய மலர் வழிபாடு அத்தகையது. ஒவ்வொருவரும் ஒரு பூவைக் கொண்டுவந்து பொதுவான ஜாடியில் வைத்து, போகும்போது பிறர் கொண்டுவந்த பூ ஒன்றை எடுத்துச் செல்கிறார்கள். பல்வேறு சமயங்களை விட்டு வந்து சேர்ந்த ஒரு கூட்டத்துக்குப் பொதுவான சடங்கு ஒன்று வேண்டும் என்ற தேவையை, கற்பனை வளம் மிக்க அவர், தர்க்கத்தால் தீர்க்க முயலாமல் இப்படித் தீர்த்தார். நாஜிகள் அவரை 1942-ல் கொன்றார்கள். அவருடைய சடங்கு இன்றும் பல நாடுகளில் நடந்து வருகிறது.

மறுப்பதற்கான உரிமையும் முக்கியமானது. வாரம் முழுவதும் பியானோ கற்பித்துப் பிழைக்கும் ஒருவர், ஞாயிறன்று பின்வரிசையில் உட்கார்ந்து பிறர் வாசிப்பதைக் கேட்க விரும்பலாம். அல்லது சமையற்கூடத்தில் ரொட்டி சுட விரும்பலாம். வங்கியில் கணக்கெழுதுபவர் வெகுநாளாகக் கவிதை எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். தொழிலைப் பார்த்துத் திறமையை முடிவுகட்டும் சபை இவ்விருவரையும் இழக்கிறது.

இரண்டு ஆட்சேபங்களை நான் மதித்துக் கேட்டிருக்கிறேன். பயிற்சியற்றவர்களின் பாட்டும் படமும் வழிபாட்டின் தரத்தைத் தாழ்த்திவிடும் என்பது ஒன்று. வழிபாடு சங்கீத சபை அல்ல என்று சொல்லி இதை எளிதில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. சிரத்தையில்லாமல் செய்ததைப் பக்தியின் பெயரால் மன்னிக்கச் சொல்வது, சிரத்தையோடு செய்தவரை அவமதிப்பதாகும். ஒத்திகைக்கு வராதவர் பாடகர் குழுவில் நிற்கக்கூடாது என்று அன்போடும் உறுதியோடும் சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு சபைக்கும் வேண்டும். இலவசமாகப் பெறுவது கலைஞரின் ஜீவனத்தைக் கெடுக்கிறது என்பது மற்றொன்று. இது நியாயமான கவலை. அமெரிக்க சபைகள் பலவற்றில் இசை இயக்குநருக்குச் சம்பளம் தந்து, குழுவில் பாடுவோரை மட்டும் தொண்டர்களாக வைத்துக்கொள்வது நல்ல சம்பிரதாயம். ஒருவருக்கு அதுவே உணவானால் விலை கொடுக்கவேண்டும். அவர் தாமாகக் காணிக்கையாக்க விரும்பினால் அந்த விருப்பம் அவர் வாயிலிருந்து முதலில் வரவேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரான்சில்வேனியாவில் எனலாகா என்ற சிற்றூரின் யூனிடேரியன் ஆலயத்தில், தாதாரியரின் படையெடுப்பில் எரிந்துபோன கூரையை மீண்டும் அமைத்தபோது, மரப்பலகைக் கட்டங்களால் ஆன உட்கூரைக்கு 1668-ல் வண்ணம் தீட்டியவர் கியோர்கி மூஸ்னாய். பூக்களையும் கொடிகளையும் எழுதி முடித்த பின், அம்மக்களின் புராதன எழுத்தில் ‘கடவுள் ஒருவரே’ என்ற தம் சமயத்தின் வாக்கையும், தாமே இதைத் தீட்டியதாகத் தம் பெயரையும் அவர் அங்கே பொறித்தார். அவர் பெயரைப் பொறித்ததால் அந்தக் கூரையின் புனிதம் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. அவர் யார் என்று மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் நாம் அறிய முடிகிறது. கலைஞர்கள் அடக்கத்தின் காரணமாகத் தம் பெயரை மறைத்தால், எழுதி வைப்பது சபையின் கடமை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள யூனிடேரியன் சபைகளில் அதிகாரம் மேலிருந்து வருவதில்லை. ஆண்டுதோறும் அங்கத்தினர்கள் கூடி, வரவுசெலவை வாசித்து, வாக்களித்தே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பணக்கணக்கு வாசிக்கப்படும்போதே, அவ்வாண்டில் எழுதப்பட்ட கீதங்களும் நெய்யப்பட்ட துணிகளும் வாசிக்கப்பட்ட இசையும், செய்தவர்களின் பெயரோடு வாசிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறவேண்டும். நூலுக்கும் வண்ணத்துக்கும் இசைத்தாளுக்கும் பியானோவைச் சுருதி கூட்டுவதற்கும் ஆகும் செலவு தொண்டரின் சட்டைப்பையிலிருந்து போகாதபடி, திட்டத்தில் ஒரு தொகையும் ஒதுக்கப்படவேண்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எந்த அங்கத்தினருக்கும் உரிமை இருக்கிறது; அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே கொண்டுவரலாம்.